சென்ற ஆண்டுப்படியே



மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் நகராட்சி அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்கு உறக்கம் இராது. வரி பாக்கி, ஒப்பந்தக்காரர் பட்டியல், மானியக் கணக்கு, தணிக்கைக் குறிப்பு என்று ஒவ்வொன்றும் 31ஆம் தேதியை நோக்கி ஓடி வரும். அந்த ஓட்டத்திற்கிடையே ஒரு கோப்பு மேசையின் ஓரத்தில் வந்து அமைதியாகப் படுத்திருக்கும். அதைத் தேடி ஒப்பந்தக்காரர் வருவதில்லை, உறுப்பினர் வருவதில்லை, பொதுமக்கள் வருவதில்லை. நகராட்சியின் கட்டடங்களுக்கும் வண்டிகளுக்கும் எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் பாலிசி மாதக் கடைசியில் முடிவடைகிறது, அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதே அக்கோப்பின் செய்தி. முப்பது ஆண்டுக் காலம் இத்தகைய அலுவலகங்களில் கணக்கராக இருந்தவன் நான். அந்தக் கோப்பைப் பற்றியும், அதன் பின்னே நிற்கும் முந்நூறு ஆண்டு வரலாற்றைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

தனி மனிதன் ஒருவன் தன் வீட்டுக்குக் காப்பீடு செய்வது எளிதில் விளங்கும். வீடு அவனுடையது, எரிந்தால் நட்டமும் அவனுடையது. ஊருக்குப் பொதுவான கட்டடம் எரிந்தால் நட்டம் யாருடையது? தலைவர் தம் பையிலிருந்து கொடுப்பதில்லை. அதிகாரி தம் சம்பளத்திலிருந்து கொடுப்பதில்லை. ஊரார் செலுத்தும் வரியிலிருந்து அது மீண்டும் எழ வேண்டும். இல்லையேல் எழாமலே கிடக்க வேண்டும். எல்லார்க்கும் உரிய பொருளை 'நம்முடையது' என்று எண்ணிக் கவலைப்படுவோர் சிலரே. அந்தச் சிலருடைய கவலையிலிருந்துதான் நகரங்களின் காப்பீட்டு வரலாறு தொடங்குகிறது.

செர்மனி நாட்டிலே ஆம்பர்க் என்பது ஒரு பழைய துறைமுகப் பட்டினம். நெருக்கமான வீதிகளும் மர வீடுகளும் நிறைந்த ஊர். தீ அங்கே அடிக்கடி வந்து போகும் விருந்தாளி. மதுவடிக்கும் தொழிலினர் அந்நகரில் செல்வர். அவர்கள் தொழிலோ நெருப்போடு பழகும் தொழில். 1591ஆம் ஆண்டில் அவர்களில் நூற்றொருவர் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நம்முள் ஒருவருடைய மனை எரிந்தால் மற்றவர் ஒவ்வொருவரும் குறித்த தொகையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிடுவோம் என்பதே அதன் கருத்து. இத்தகைய உடன்படிக்கைகள் நாளடைவில் பலவாகப் பெருகின. கூட்டம் சிறிதாக இருந்தால் ஒரு பெருந்தீயே அதன் முதலை எல்லாம் விழுங்கிவிடும் அன்றோ? ஆகவே 1676ஆம் ஆண்டில் அந்நகர மன்றம் தானே முன்வந்து, சிதறிக் கிடந்த உடன்படிக்கைகளைப் பொதுவான ஒரே தீக்காப்பு நிதியாகச் சேர்த்து அமைத்தது. உலகத்தின் முதல் பொதுக் காப்பீட்டு நிலையம் என்று அதனையே வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர்.

அந்த நிதிக்குச் சோதனைக் காலம் 1842ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் வந்தது. அன்று பிடித்த தீ 8ஆம் நாள் வரையில் எரிந்தது. ஏறத்தாழ 1,700 வீடுகள் அழிந்தன. 20,000 மக்கள் வீடிழந்தனர். 51 உயிர்கள் மாண்டன. தீ மேலும் பரவாமல் தடுக்கும் பொருட்டு நகர மன்றக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தனர். அத்தனை வீடுகளுக்கும் ஈடு கொடுக்க நிதியில் பணம் ஏது? இருந்தும் நகரம் கைவிரிக்கவில்லை. பெருங்கடன் வாங்கி ஈடு கொடுத்தது. அந்த நிதி பின்னும் நெடுங்காலம் நிலைத்து நின்றது. அந்நகரின் கட்டடங்களை எல்லாம் காக்கும் தனியுரிமை 1994ஆம் ஆண்டு வரை அதனிடமே இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று இலண்டனில் நடந்தது. 1666ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்நகரைச் சுட்ட தீயைப் பற்றி நீங்கள் பள்ளிப் பருவத்திலேயே படித்திருப்பீர்கள். 13,200 வீடுகளும் 87 திருக்கோயில்களும் அதற்கு இரையாயின. அதற்குப் பின் நிக்கலஸ் பார்பன் என்ற கட்டட வணிகர் 1680ஆம் ஆண்டளவில் வீடுகளுக்குத் தீக்காப்பு அளிக்கும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணம். மர வீட்டுக்கு அதனினும் இரு மடங்கு. வணிகர் ஒருவர் செய்வதை நகரமே செய்தால் என்ன என்று இலண்டன் நகர மன்றம் எண்ணியது. 1681ஆம் ஆண்டு இறுதியில், தன் நிலங்களையே ஈடாகக் காட்டித் தானும் காப்பீட்டுக் கடை திறந்தது. ஓராண்டு முடியுமுன், 1682ஆம் ஆண்டிலேயே அதை மூடிவிட்டது. அந்நாளில் தாய் தந்தை இழந்த குழந்தைகளின் சொத்தை நகர மன்றம் தன் பொறுப்பில் வைத்துப் பேணிவந்தது. 1683இல் அந்தப் பணத்தையே திருப்பிக் கொடுக்க இயலாமல் அது திகைத்து நின்றது. அநாதைகளின் பணத்துக்கு விடை சொல்ல இயலாத கருவூலத்தை நம்பி எந்தக் குடிமகன் தன் வீட்டை ஒப்படைப்பான்?

ஆம்பர்க்கையும் இலண்டனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். காப்பீடு என்பது ஒரு வாக்கு. வாக்கின் மதிப்பு, கொடுத்தவர் நாணயத்தின் மதிப்பேயாகும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது, 'எவ்வளவு கட்டணம்?' என்று மட்டும் கேட்கும் அதிகாரி பாதிக் கேள்விதான் கேட்கிறார். 'கேடு வந்த நாளில் இவர் நிற்பாரா?' என்பது மற்றொரு பாதி.

இந்த மற்றொரு பாதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் பழங்காலத்துக்குப் போக வேண்டுவதில்லை. பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் சில சேர்ந்து 1903ஆம் ஆண்டில் தமக்கென்றே ஒரு காப்பீட்டுக் கழகம் அமைத்தன. 'முனிசிபல் மியூச்சுவல்' என்பது அதன் பெயர். அதற்குப் பங்குதாரர் இல்லை. காப்பீடு செய்துகொண்ட மன்றங்களே அதன் உடைமையாளர்கள். ஊரார் பணம் ஊராரிடமே சுழலும் நல்லேற்பாடு அது. அந்நாட்டு மன்றங்களுள் மிகப் பெரும்பாலானவை பல தலைமுறைகளாக ஆண்டுதோறும் அதனிடமே பாலிசி புதுப்பித்து வந்தன. பழக்கம் நம்பிக்கை ஆயிற்று. நம்பிக்கை கேள்வி கேட்பதை மறந்தது. கோரிக்கைகள் பெருகிக் கையிருப்புக் கரைந்து, 1992ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அக்கழகம் புதிய பாலிசி கொடுப்பதையும் பழையதைப் புதுப்பிப்பதையும் நிறுத்தியது. 1993இல் சூரிக் என்னும் சுவிட்சர்லாந்து நிறுவனம் அதன் வாணிகத்தின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் சாதாரணம். முடியவில்லை. கல்நார் என்றொரு பொருளை அறிவீர்கள். தீப்பிடியாது என்பதால் பள்ளிகளிலும் கொதிகலன் அறைகளிலும் ஒருகாலத்தில் அதைத் தாராளமாகப் பூசினார்கள். அதன் நுண்தூளை மூச்சில் இழுத்த தொழிலாளிக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரலின் உறையிலே புற்று தோன்றும். தோன்றினால் உயிரைக் கொள்ளாமல் விடாது. இவ்வாறு நோயுற்றோர் பழைய முதலாளிகள்மேல் வழக்கிட்டபோது ஒரு வினா எழுந்தது. ஈடு கொடுக்க வேண்டியது எந்த ஆண்டுப் பாலிசி? தூளை இழுத்த ஆண்டினுடையதா, நோய் வெளிப்பட்ட ஆண்டினுடையதா? பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விடை கூறியது: தூளை இழுத்த காலத்துப் பாலிசியே பொறுப்பேற்க வேண்டும்.

செத்துவிட்டன என்று எண்ணப்பட்ட பழைய பாலிசிகள் உயிர்த்தெழுந்தன. முனிசிபல் மியூச்சுவலிடமோ போதிய பணம் இல்லை. 1994ஆம் ஆண்டிலேயே அதற்கும் மன்றங்களுக்கும் ஓர் ஏற்பாடு ஏற்பட்டிருந்தது. பணம் போதாத நிலை வந்தால், மன்றங்கள் தாம் பெற்றுக்கொண்ட ஈட்டுத் தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் சாரம். 2012 நவம்பரில் அந்த ஏற்பாடு செயலுக்கு வந்தது. முதல் 50,000 பவுனை விலக்கி, அதற்கு மேற்பட்ட தொகையில் 15 விழுக்காடு என்று முதலில் விதித்தனர். 2016இல் அது 25 விழுக்காடாக உயர்ந்தது. பாட்டன் காலத்தில் பெற்ற காப்புக்குப் பேரன் காலத்து வரி விடை சொல்லிற்று. முடிந்துபோன பாலிசிகளைப் பழைய காகிதக்காரனுக்கு எடை போட்டுவிடும் அலுவலகங்கள் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தில்லி மாநகரில் சாந்தினி சௌக் வீதியிலே, நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே, ஒரு மணிக்கூண்டு நின்றது. ஏறத்தாழ எண்பது ஆண்டுப் பழமை வாய்ந்தது. 1950களின் தொடக்கத்தில் ஒரு நாள் அது இடிந்து வீதியில் விழுந்தது. கடைத்தெருவிலே போய்க்கொண்டிருந்த மக்கள் அதன் கீழ் அகப்பட்டு உயிர் நீத்தனர். இறந்தோருள் மூவரின் குடும்பத்தார் நகராட்சிமேல் வழக்குத் தொடுத்தனர். வழக்கு படிப்படியாக ஏறி, 1966ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. அந்தச் சாந்தின் ஆயுள் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளே என்று சான்று கூறப்பட்டது. இடிபாட்டைச் சோதித்த பொறியாளர், செங்கற்களைப் பிணைக்கும் வலிமை இழந்து சாந்து வெறும் பொடியாகிக் கிடந்தது என்றார். குறை வெளியே தெரியாததாயினும், பொதுவீதியை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர் அதைச் சோதித்துப் பார்த்துப் பேணக் கடமைப்பட்டவர். அக்கடமையில் தவறிய நகராட்சி ஈடு கொடுத்தே தீரவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு. கட்டடத்துக்குத் தீக்காப்பு எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாய் இருப்பவர்கள், அந்தக் கட்டடம் பிறர்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணுவதில்லை. நம் பொருளுக்கு வரும் கேடு வேறு. நம் பொருளால் பிறர்க்கு வரும் கேடு வேறு. முன்னதற்கு ஒரு பாலிசி. பின்னதற்கு, பொறுப்புக் காப்பு என்று தனியே ஒரு பாலிசி. வண்டிகளைப் பொறுத்த மட்டில் சட்டமே இதை வற்புறுத்துகிறது. மோட்டார் வண்டிச் சட்டம் 1939ஆம் ஆண்டிலும், பின்னர் 1988ஆம் ஆண்டிலும், மூன்றாம் மனிதர்க்கு நேரும் தீங்குக்குக் காப்பீடு கட்டாயம் என்று விதித்தது. உள்ளாட்சி மன்றத்தின் வண்டிகளுக்கு அரசு விலக்கு அளிக்கலாம் என்றும், ஆனால் ஈடு கொடுப்பதற்கென்று அம்மன்றம் தனியே ஒரு நிதி வைத்திருந்தால்தான் அளிக்கலாம் என்றும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. காப்பீடு வேண்டாம் என்பவர் கையில் பணமாவது வேண்டும் என்பது இதன் பொருள். மணிக்கூண்டுக்கும் மதிற்சுவருக்கும் இத்தகைய கட்டாயம் இல்லை. அங்கே மன்றத்தின் அறிவே சட்டம்.

இவ்வளவு பேசும் நான் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் போவது முறையன்று.

நம் நாட்டில் பொதுக் காப்பீட்டு வாணிகத்தை அரசுடைமை ஆக்கும் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 1973 சனவரி முதல் நாள் தொடங்கி, 107 நிறுவனங்கள் நான்கு நிறுவனங்களாகச் சேர்க்கப்பட்டன. நான் பணியாற்றிய நகராட்சி ஒன்றில், அந்த 1973ஆம் ஆண்டிலே, தினசரி அங்காடிக் கட்டடத்துக்குத் தீக்காப்புப் பாலிசி எடுத்திருந்தார்கள். சீமை ஓடு வேய்ந்த, மர உத்தரங்கள் தாங்கிய நீண்ட கொட்டகை அது. காப்புத் தொகை இரண்டு லட்ச ரூபாய். அன்று அது நேர்மையான மதிப்பு. நான் அந்த ஊருக்கு மாற்றலாகிச் சென்றபோது ஆண்டுகள் பல ஓடியிருந்தன. மார்ச்சு மாதம்தோறும் அந்தக் கோப்பு என் மேசைக்கு வரும். 'சென்ற ஆண்டுப்படியே புதுப்பிக்கலாம்' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் இடுவேன். எனக்கு முன்னிருந்தவரும் அதே வரிதான் எழுதியிருந்தார். அவருக்கு முன்னிருந்தவரும் அதே வரிதான்.

1987ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஓர் இரவு அங்காடியின் தென்பகுதியில் தீப்பிடித்தது. விடியுமுன் அணைத்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பூக்கடை, வெற்றிலைக் கடை வரிசையின் மேற்கூரை முழுவதும் போயிற்று. கட்டடச் சேதம் 1,60,000 ரூபாய் என்று பொறியாளர் கணித்தார். பாலிசி இரண்டு லட்சத்துக்கு இருக்கிறது, சேதம் அதற்குள் அடங்கிவிடுகிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். என் பணியைச் சரியாகச் செய்தவன் என்ற பெருமிதம்கூட உண்டாயிற்று.

சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் மிகவும் மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டுப் பாலிசியின் ஒரு பக்கத்தைப் புரட்டி என் முன்னே வைத்தார். அதிலே சராசரி விதி என்று ஒன்று இருந்தது. ஒரு பொருளின் உண்மை மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்திருந்தால், எந்த விகிதத்தில் குறைவோ அந்த விகிதத்தில் நட்டத்தையும் காப்பீடு செய்தவரே ஏற்க வேண்டும் என்பது அவ்விதி. கொட்டகையின் அன்றைய மதிப்பு எட்டு லட்சம். காப்பீடு இரண்டு லட்சம். அதாவது நான்கில் ஒரு பங்குக்குத்தான் நாங்கள் கட்டணம் செலுத்தி வந்திருந்தோம். ஆகவே நட்டத்திலும் நான்கில் ஒரு பங்கே கிடைக்கும். 1,60,000 ரூபாய்க்கு 40,000 ரூபாய்!

மன்றக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "கணக்கரே, இரண்டு லட்சத்துக்குப் பாலிசி வைத்துக்கொண்டு, ஒன்றரை லட்சம் நட்டத்துக்கு நாற்பதாயிரம் வாங்கி வருகிறீர்களே, இது என்ன கணக்கு?" என்றார். நான் விதியை விளக்கினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "விதி சரி. கட்டடத்தின் விலை ஏறிக்கொண்டே போவது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் வீட்டுக் குடிக்கூலி 1973இல் இருந்தபடியேவா இருக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

எஞ்சிய 1,20,000 ரூபாய்க்கு அந்த ஆண்டு வரவு செலவில் இடமில்லை. கூரை எழ இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை பூ விற்கும் பெண்கள் வீதியோரத்தில் சாக்குப் படுதாவைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவர்களைக் கடந்துதான் நான் போகவேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள், நனைந்த பூக்கூடையை மடியில் அணைத்தபடி ஒரு மூதாட்டி, "ஐயா, கூரை எப்போ வரும்?" என்று கேட்டார். என் கையொப்பத்தால்தான் கூரை வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதன் பின் நான் பணியிலிருந்த மட்டும், சனவரி மாதத்திலேயே அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவேன். பொறியாளரை அழைத்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் அன்றைய விலையில் மறுபடி கட்டுவதற்கு என்ன செலவாகும் என்று எழுதி வாங்குவேன். பழைய நீர்த்தேக்கத் தொட்டி, பள்ளி மதிற்சுவர், சாலையோரத்து மணிக்கூண்டு இவற்றின் சாந்தையும் கம்பியையும் பார்த்துக் குறிப்புத் தரச் சொல்வேன். இடியக்கூடியதை இடியாமல் செய்வது முதற்கடன். அதையும் மீறி இடிந்தால் ஈடு செய்ய வழி வைப்பது இரண்டாங்கடன். முடிந்துபோன பாலிசிகளை ஆண்டு வரிசைப்படி கட்டி, இரும்புப் பெட்டியில் வைக்கச் செய்தேன். தலைமை எழுத்தர் முதலில் சிரித்தார். பிறகு அவரே பூட்டுக்குச் சாவி செய்து வைத்தார்.

1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் நிறுவனங்களும் இத்துறைக்கு வந்துவிட்டன. யார் குறைந்த கட்டணம் கேட்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்று வழி உண்டு. ஒப்பிடுவது நல்லதே, வரிப்பணத்தில் ஒரு காசு மிஞ்சினாலும் அது ஊருக்கு ஆகும். ஆனால் கட்டணப் பட்டியலை மட்டும் பார்க்கும் கண்ணுக்குச் சராசரி விதி தெரியாது. மணிக்கூண்டின் பொடிந்த சாந்து தெரியாது. காப்பவரின் கருவூலம் தெரியாது.

மன்றத்தில் யாரேனும், 'இத்தனை ஆண்டு கட்டினோமே, ஒரு முறையாவது எரிந்ததா?' என்று கேட்பதுண்டு. எரியாமல் இருந்த ஆண்டுகளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கட்டணத்தைக் கட்டவேண்டும் என்பதே என் பதில். உங்கள் ஊர் நகராட்சியிலோ ஊராட்சியிலோ நீங்கள் உறுப்பினராக இருந்தால், வருகிற மார்ச்சு மாதத்தில் அந்த அமைதியான கோப்பை ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் 'சென்ற ஆண்டுப்படியே' என்ற வரி இருந்தால், கையொப்பம் இடுவதற்கு முன், எந்த ஆண்டு என்று ஒரு கேள்வி கேளுங்கள்.